காற்றில்லா வடிப்பானும் அதன் கணக்கும்

கொல்கத்தா மாநகரின் கிழக்கு எல்லையில் சால்ட் லேக் என்னும் நகர்ப்பகுதி அமைந்துள்ளது. பிதான் நகர் என்பது அதன் மற்றொரு பெயர். ஒரு காலத்தில் அது உவர்நீர் ஏரிகளும் சதுப்புகளும் நிறைந்த தாழ்நிலமாக இருந்தது. 1962இல் தொடங்கிய திட்டத்தின்படி ஹூக்ளி நதியின் வண்டல் நீருடன் கலக்கப்பட்டுக் குழாய்களின் வழியே கொண்டுவரப்பட்டது. அந்தக் குழம்பு தாழ்நிலத்தில் பரப்பப்பட்டது. நீர் வடிந்தபின் எஞ்சிய மேட்டு நிலத்தின்மீது வீடுகளும் அலுவலகங்களும் கல்விக்கூடங்களும் எழுந்தன.

கொல்கத்தாவின் தரைமட்டம் நதிக்கரையில் உயர்ந்தும் கிழக்கே தாழ்ந்தும் செல்கிறது. ஆகவே, நகரின் கழிவுநீர் ஹூக்ளியை நோக்கி ஓடாமல் கிழக்கே உள்ள சதுப்பு நிலத்தை நோக்கியே வடிகிறது. முன்பு அந்நீரை ஏற்றுக்கொண்டிருந்த வித்யாதரி நதி வண்டல் படிந்து தூர்ந்துபோய், 1928இல் வழக்கற்ற நதி என்று அறிவிக்கப்பட்டது. பின்னர்க் குல்டி என்னும் கழிமுகத்தை நோக்கிப் புதிய கால்வாய்கள் வெட்டப்பட்டன. இக்கால்வாய்களின் நீரைத் தங்கள் குளங்களில் அளவோடு விட்டு மீன் வளர்க்கும் முறையை அவ்வட்டார மக்கள் கைக்கொண்டனர். ‘பேரி’ என்று வங்காளத்தில் அழைக்கப்படும் அக்குளங்கள் இன்றும் இருநூற்றுக்கு மேல் உள்ளன. இவை அடங்கிய கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் 12,500 ஹெக்டேர் பரப்புடையது. 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்நிலத்தைத் தூர்ப்பதற்குத் தடை விதித்தது. 2002இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் அது இடம்பெற்றது. 2006இல் அதன் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இக்குளங்கள் மாநகரின் கழிவுநீரைச் செலவின்றித் தூய்மைப்படுத்துகின்றன என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் முதன்மையானவர் பொறியியலாளர் துருவஜோதி கோஷ் ஆவார்.

குளத்திற்கு நிலம் வேண்டும். நகரம் வளரவளர நிலத்தின் விலை ஏறுகிறது. ஆகவே, குளம் செய்யும் வேலையைச் சிறிய தொட்டி ஒன்றுக்குள் அடக்கிவிட முடியாதா என்னும் கேள்வி எழுகிறது. அவ்வாறு அடக்க முயலும் சாதனங்களுள் ஒன்றே காற்றில்லா வடிப்பான். அது எவ்வளவு வேலை செய்யும், எந்த வேலையைச் செய்யாது என்பதை முன்கூட்டியே அறிவதற்குக் கணித மாதிரிகள் உதவுகின்றன. அவற்றைச் சரியாகப் பயன்படுத்துவோர்க்கு அவை நல்ல வழிகாட்டிகள். தவறாகப் பயன்படுத்தினாலோ, இருக்கின்ற குளத்தையும் இழந்து, கட்டிய தொட்டியாலும் பயனடையாத நிலை நேரும்.

வடிப்பானின் அமைப்பு

வடிப்பான் என்னும் பெயர் ஒருவாறு தவறான எண்ணத்தை உண்டாக்கக்கூடியது. துணியில் காபி வடிகட்டுவதைப் போன்று இச்சாதனம் அழுக்கை வடித்து நிறுத்துவதில்லை. மூடிய தொட்டி ஒன்றில் சரளைக் கற்களோ, உடைத்த கருங்கல் ஜல்லியோ, பிளாஸ்டிக் துண்டுகளோ நிரப்பப்படுகின்றன. செப்டிக் தொட்டியில் கசடு படிந்தபின் வெளிவரும் நீர், இத்தொட்டியின் அடிப்பக்கத்தில் நுழைந்து, கற்களின் இடைவெளிகளினூடே மெல்ல மேலேறி, மேற்பக்கத்தில் வெளியேறுகிறது. காற்று உள்ளே புகுவதில்லை. காலப்போக்கில் கற்களின்மீது வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம் ஒன்று படிகிறது. இடைவெளிகளிலும் நுண்ணுயிர்கள் திரள்திரளாகத் தங்குகின்றன. தூய்மைப்படுத்தும் வேலையைச் செய்பவை இவ்வுயிர்களே. கற்கள் அவற்றுக்கு வீடாக மட்டும் அமைகின்றன.

இவ்வீடு ஏன் தேவைப்படுகிறது? காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள், சிறப்பாக மீத்தேன் வாயுவை உண்டாக்குபவை, மிக மெதுவாகப் பெருகும் இயல்புடையவை. வெறுந்தொட்டியில் அவை பெருகுவதற்கு முன்பே ஓடும் நீர் அவற்றை அடித்துச் சென்றுவிடும். கல்லில் ஒட்டிக்கொண்ட உயிரோ, நீர் சில மணி நேரத்தில் கடந்து சென்றாலும் தான் பல வாரங்கள் உள்ளேயே தங்குகிறது. நீர் தங்கும் நேரத்தையும் உயிர் தங்கும் நேரத்தையும் இவ்வாறு பிரித்துவிடுவதே இச்சாதனத்தின் அடிப்படைத் தத்துவமாகும்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் யங், பெரி மக்கார்ட்டி ஆகிய இருவரும் 1969இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை, இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவதாகும். இந்தியாவில் மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1958இல் நாகபுரியில் நிறுவப்பட்டது. 1974இல் அது தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. செப்டிக் தொட்டி நீருக்கு மேல்நோக்கு வடிப்பானைப் பயன்படுத்துவது பற்றி இராமன், சக்லதார் என்னும் இந்திய ஆராய்ச்சியாளர்கள் 1972இல் எழுதினர். செப்டிக் தொட்டிகளுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பின் இரண்டாம் பகுதியிலும் இவ்வடிப்பான் இடம்பெற்றுள்ளது.

உள்ளே நிகழ்வது என்ன?

கழிவுநீரில் உள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் படிப்படியாகச் சிதைக்கின்றன. முதலில் புரதம், கொழுப்பு, மாவுப்பொருள் ஆகியவை நீரில் கரையும் சிறு பொருள்களாக உடைகின்றன. அடுத்து அவை எளிய அமிலங்களாக மாறுகின்றன. பின்னர் அவ்வமிலங்கள் அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் கரியமிலவாயுவாகவும் பிரிகின்றன. இறுதியில் இவற்றிலிருந்து மீத்தேன் உண்டாகிறது. ஒரு கூட்டத்தின் கழிவு அடுத்த கூட்டத்தின் உணவாகிறது. கடைசிக் கூட்டம் சோர்ந்துபோனால் அமிலம் தேங்கி நீர் புளித்துவிடும். அதனால் அக்கூட்டம் மேலும் நலிவுறும். ஆகவேதான், புதிதாகக் கட்டிய வடிப்பானில் வேறொரு செப்டிக் தொட்டியின் முதிர்ந்த கசடு விதையாக இடப்படுகிறது. அவ்வாறு இட்டபின்னும் படலம் நன்கு நிலைபெறச் சில மாதங்கள் செல்லும். அதற்குமுன் எடுக்கும் அளவீடுகளைக் கொண்டு வடிப்பானின் திறனைத் தீர்மானித்தல் பிழையாகும்.

நீரின் அழுக்கை அளப்பதற்குப் பிராணவாயுத் தேவை என்னும் அளவு பயன்படுகிறது. ஒரு லிட்டர் நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் குறிப்பிட்ட நாள்களில் எத்தனை மில்லிகிராம் பிராணவாயுவை உட்கொள்ளும் என்பது உயிரியல் பிராணவாயுத் தேவை. இரசாயனப் பொருளால் முழுவதையும் எரிக்க எவ்வளவு தேவை என்பது இரசாயனப் பிராணவாயுத் தேவை. காற்றில்லா முறையில் இத்தேவை மறைந்துபோவதில்லை. மீத்தேனுக்குள் குடியேறி வாயுவாக வெளியேறுகிறது. ஒரு கிலோகிராம் இரசாயனப் பிராணவாயுத் தேவை நீங்கினால், இயல்பான அழுத்தத்தில் 0 டிகிரி உஷ்ணநிலையில், 0.35 கன மீட்டர் மீத்தேன் உண்டாக வேண்டும். ஆகவே, நாள்தோறும் 10 கிலோகிராம் நீங்குவதாகக் கூறும் நிலையத்தில் 3.5 கன மீட்டர் மீத்தேனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். எனினும், வீட்டுக் கழிவுநீர் நீர்த்தது என்பதால், உண்டாகும் மீத்தேனில் கணிசமான பகுதி நீரில் கரைந்தவாறே வெளியேறிவிடும். வாயுமானி குறைவாகக் காட்டுவதை மட்டும் கொண்டு வடிப்பான் வேலை செய்யவில்லை எனக் கூறிவிடலாகாது.

கணித மாதிரி என்றால் என்ன?

ஒரு பொருளின் நடத்தையைச் சில அளவுகளுக்கிடையே உள்ள தொடர்பாக எழுதுவதே கணித மாதிரி. வடிப்பானைப் பொறுத்தவரை முதன்மையான அளவுகள் மூன்று: உள்ளே வரும் நீரின் அழுக்கு, வெளியேறும் நீரின் அழுக்கு, நீர் உள்ளே தங்கும் நேரம். கற்கள் அடைத்துக்கொண்ட இடத்தை நீக்கி, இடைவெளிகளின் கொள்ளளவை மட்டும் நீரோட்டத்தால் வகுத்தால் தங்கும் நேரம் கிடைக்கும்.

மிக எளிய மாதிரி முதற்படி விதி எனப்படும். சம கால அளவுகளில், அவ்வப்போது மீதமிருக்கும் அழுக்கின் ஒரே பங்கு நீங்கும் என்பது இதன் கருத்து. கூட்டுவட்டிக் கணக்கின் தலைகீழ் வடிவம் என மாணவர்களுக்கு இதனை விளக்கலாம். எடுத்துக்காட்டாக, 12 மணி நேரத்தில் மீதி 0.37 பங்காகக் குறையும் வடிப்பான் ஒன்றைக் கொள்வோம். அப்போது 63 சதவிகிதம் நீங்குகிறது. 24 மணி நேரத்தில் மீதி 0.37இன் 0.37 பங்கு, அதாவது 0.14; ஆகவே 86 சதவிகிதம் நீங்கும். 48 மணி நேரத்தில் 98 சதவிகிதம் நீங்கும்.

இவ்விதி காரணமின்றி ஏற்பட்டதன்று. நுண்ணுயிர்களின் வளர்ச்சியைப் பற்றி 1940களில் பிரெஞ்சு விஞ்ஞானி ஜாக் மோனோ வகுத்த விதியின்படி, உணவு நிறைந்திருக்கும்போது அவை தம் முழு வேகத்தில் உண்கின்றன. உணவு குறைந்திருக்கும்போது வேகம் உணவின் அளவுக்கு நேர்விகிதமாக அமைகிறது. வீட்டுக் கழிவுநீரில் உணவு குறைவு. எனவே, முதற்படி விதி அங்கு ஓரளவு பொருந்துகிறது. சாராய ஆலைக் கழிவைப் போன்ற செறிந்த நீருக்கு அதை அப்படியே பயன்படுத்துதல் கூடாது.

யங்கும் பிற ஆராய்ச்சியாளரும் பல வடிப்பான்களின் அளவீடுகளைத் தொகுத்தபோது மற்றொரு வகைத் தொடர்பும் தென்பட்டது. எஞ்சும் அழுக்கின் பங்கு, தங்கும் நேரத்தின் ஓர் அடுக்குக்கு எதிர்விகிதமாக உள்ளது என்பது அது. இதனை அடுக்கு விதி எனலாம். அடுக்கு எண் 0.4 எனக் கொண்டால், தங்கும் நேரம் இரட்டிக்கும்போதெல்லாம் மீதி 0.76 பங்காக மட்டுமே குறையும். இரு விதிகளும் 12 மணி நேரத்தில் ஒரே விடையைத் தருமாறு அமைத்தால் நீங்கும் சதவிகிதம் பின்வருமாறு வரும்:

6 மணி: முதற்படி விதி 39, அடுக்கு விதி 51.
12 மணி: முதற்படி விதி 63, அடுக்கு விதி 63.
24 மணி: முதற்படி விதி 86, அடுக்கு விதி 72.
48 மணி: முதற்படி விதி 98, அடுக்கு விதி 79.

இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவையே. ஆயினும் அவை உணர்த்தும் உண்மை பெரிது. 12 மணி நேரத்தில் எடுத்த ஒரே அளவீடு இரு விதிகளுக்கும் சான்றாக நிற்கிறது. ஆனால், அதனைக் கொண்டு 48 மணி நேர வடிப்பானைத் திட்டமிடுபவர், ஒரு விதியின்படி ஏறத்தாழத் தூய நீரையும், மற்றொன்றின்படி ஐந்தில் ஒரு பங்கு அழுக்கு எஞ்சிய நீரையும் எதிர்பார்க்க நேரும். எளிதில் சிதையும் பொருள் முதலில் தீர்ந்து, கடினமானது எஞ்சுவதால், உண்மை நிலையங்களில் நேரம் கூடக்கூடப் பலன் குறைந்துகொண்டே வருதல் இயல்பு. அளந்த எல்லைக்கு வெளியே மாதிரியை நீட்டுதல் ஆபத்தானது என்பதே இதன் பொருள்.

விடுதி ஒன்றின் கணக்கு

500 பேர் தங்கும் மாணவர் விடுதி ஒன்று சால்ட் லேக் போன்ற பகுதியில் உள்ளதெனக் கொள்ளலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் கழிவுநீர் வீதம் 50 கன மீட்டர் சேரும். செப்டிக் தொட்டியிலிருந்து வரும் நீரில் உயிரியல் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்க. 12 மணி நேரம் தங்குவதற்கு 25 கன மீட்டர் இடைவெளி தேவை. சரளைக் கல் படுகையில் பத்தில் நான்கு பங்கே இடைவெளி. ஆகவே படுகையின் மொத்தக் கொள்ளளவு 62.5 கன மீட்டர். ஆழம் 1.2 மீட்டர் என்றால் பரப்பு 52 சதுர மீட்டர். பத்தில் ஒன்பது பங்கு இடைவெளியுள்ள பிளாஸ்டிக் துண்டுகளை நிரப்பினால் 28 கன மீட்டர்க் கொள்ளளவே போதுமானது.

முதற்படி விதியின்படி 63 சதவிகிதம் நீங்கி, வெளியேறும் நீரில் 55 மில்லிகிராம் எஞ்சும். இது கோடைக்காலத்துக் கணக்கு. கொல்கத்தாவில் மே மாதச் சராசரி உஷ்ணநிலை 30 டிகிரியை ஒட்டியும், ஜனவரி மாதச் சராசரி 20 டிகிரியை ஒட்டியும் இருக்கும். குளிர்ந்த நீரில் நுண்ணுயிர்களின் வேகம் குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் வேகம் 5 சதவிகிதம் மாறுவதாகக் கொண்டால், 10 டிகிரி குறையும்போது வேகம் 1.63ஆல் வகுபடுகிறது. அப்போது அதே 12 மணி நேரத்தில் 46 சதவிகிதமே நீங்கும்; எஞ்சுவது 81 மில்லிகிராம். கோடையின் பலனைக் குளிர்காலத்திலும் பெற வேண்டுமாயின் 20 மணி நேரம் தேவை. மே மாதத்தில் மட்டும் சோதித்துச் சான்றிதழ் அளிக்கப்பட்ட வடிப்பான் ஜனவரியில் ஏமாற்றுவதற்கு இதுவே காரணம்.

மழைக்காலத்தில் வேறொரு தொல்லை. கூரை நீரும் முற்றத்து நீரும் கழிவுநீரில் கலந்து ஓட்டம் இரட்டித்தால், தங்கும் நேரம் 6 மணியாகக் குறுகும். நீங்கும் பங்கு 39 சதவிகிதமாகக் குறைவதோடு, வேகமாக ஏறும் நீர் படலத்தையும் பெயர்த்துக்கொண்டு போகக்கூடும்.

மூன்றாவது தொல்லை மெதுவாக வருவது. செப்டிக் தொட்டியைக் காலாகாலத்தில் சுத்தம் செய்யாவிடின் கசடு வடிப்பானுக்குள் புகுந்து இடைவெளிகளை அடைத்துவிடும். பத்தில் நான்கு பங்காக இருந்த இடைவெளி மூன்று பங்கானால், தங்கும் நேரம் 12 மணியிலிருந்து 9 மணியாகும். நீங்கும் பங்கு 53 சதவிகிதமாகும். தொட்டியின் வெளித்தோற்றத்தில் எந்த மாறுதலும் தெரியாது.

உப்புச் சோதனை

மேற்கண்ட கணக்குகள் யாவும், நீர் படுகையெங்கும் ஒரே சீராக மேலேறுகிறது என்னும் எண்ணத்தின்மேல் எழுந்தவை. உண்மையில் நீர் எளிய வழியையே நாடும். சில இடங்களில் விரைந்து ஓடி, வேறு சில மூலைகளில் அசையாது தேங்கும். இதனை அறியக் களப்பணியாளர்களின் கைக்கெட்டிய சோதனை ஒன்று உண்டு. சாதாரண உப்பின் கரைசலைச் சிறிதளவு நுழைவாயிலில் ஊற்றி, வெளியேறும் நீரின் மின்கடத்தும் திறனைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து வரைபடம் தீட்ட வேண்டும். உப்பு சராசரியாக எத்தனை மணி நேரம் கழித்து வெளிவருகிறதோ, அதுவே மெய்யான தங்கும் நேரம். கணக்கின்படி 12 மணி இருக்கவேண்டிய வடிப்பானில் உப்பு 8 மணியிலேயே வந்துவிட்டால், இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு பயனற்றுக் கிடக்கிறது எனக் கொள்ளலாம். அப்போது நீங்கும் பங்கு 49 சதவிகிதமே.

இச்சோதனையில் இரண்டு எச்சரிக்கைகள் உள. செறிந்த உப்புக் கரைசல் கனமானது. மேல்நோக்கி நீர் ஏறும் தொட்டியில் அது அடியிலேயே தங்கித் தவறான விடையைத் தரும். ஆகவே நன்கு நீர்த்த கரைசலே ஏற்றது. மேலும், உவர்நிலப் பகுதிகளில் கழிவுநீரிலேயே உப்பு மிகுந்திருக்கக்கூடும். சோதனைக்கு முன் அதன் இயல்பான அளவைக் குறித்துக்கொள்வது இன்றியமையாதது.

வரைபடத்தின் வடிவமும் ஒரு செய்தியைக் கூறும். உப்பு யாவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளிவந்தால் நீர் வரிசை பிறழாது நகர்கிறது எனப் பொருள். நீண்ட நேரம் பரவி வெளிவந்தால் உள்ளே கலக்கம் மிகுதி. முழுதும் கலந்துபோகும் தொட்டியில், அதே நுண்ணுயிர் வேகத்திற்கு, 63 சதவிகிதத்திற்குப் பதிலாக 50 சதவிகிதமே நீங்கும். நான்கு சிறு தொட்டிகளை வரிசையாக அமைத்தாலோ 59 சதவிகிதம் கிடைக்கும். ஒரே பெரிய அறையைத் தடுப்புகளால் பிரித்து அமைப்பதன் நோக்கங்களுள் இதுவும் ஒன்று.

இவற்றினும் விரிவான மாதிரிகளும் உள்ளன. காற்றில்லாச் சிதைவு முழுவதையும் விவரிக்கும் பொது மாதிரி ஒன்றைப் பன்னாட்டு நீர்ச் சங்கத்தின் குழு 2002இல் வெளியிட்டது. அது ஒவ்வொரு நுண்ணுயிர்க் கூட்டத்தையும், ஒவ்வோர் அமிலத்தையும், வாயுவையும் தனித்தனியே கணக்கிடுகிறது. ஆராய்ச்சிச் சாலையில் அது பெரும்பயன் தருவது. ஆனால், அதற்கு வேண்டிய மாறிலிகள் பல. அவற்றை அளக்க வசதியற்ற சிறு நிலையத்தில், நன்கு அளந்த இரண்டு மாறிலிகளைக் கொண்ட எளிய மாதிரி, ஊகித்த முப்பது மாறிலிகளைக் கொண்ட மாதிரியைவிட நம்பத்தக்கது.

கணக்கில் வராதவை

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குத் திரும்பலாம். மேற்கூறிய விடுதியின் கழிவுநீர் நாளொன்றுக்கு 7.5 கிலோகிராம் உயிரியல் பிராணவாயுத் தேவையைச் சுமந்து வருகிறது. ஒரு ஹெக்டேர்க் குளம் நாளொன்றுக்கு 50 கிலோகிராமை ஏற்கும் என்று கொண்டால், 1,500 சதுர மீட்டர்க் குளம் தேவை. வடிப்பானுக்கோ 52 சதுர மீட்டர் போதும். நிலம் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என இக்கணக்கு கூறும். குளத்தை நிரவி மனையாக்க விரும்புவோர்க்கு இவ்வெண் இனிக்கும்.

ஆனால், இரண்டும் செய்யும் வேலை ஒன்றன்று. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும் நீருக்கு மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு அறிவிக்கை, பெருநகரங்களில் உயிரியல் பிராணவாயுத் தேவைக்கு 20 மில்லிகிராமும் ஏனைய இடங்களில் 30 மில்லிகிராமும் உச்ச அளவாக வகுத்தது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இன்னும் கடுமையான அளவுகளை வலியுறுத்தியது. கோடையிலேயே 55 மில்லிகிராம் எஞ்சும் வடிப்பான் தனித்து நின்று இவ்வளவை எட்டாது.

இரண்டாவதாக, காற்றில்லாச் சிதைவு கழிவிலுள்ள புரதத்தை அம்மோனியாவாக மாற்றுகிறதேயன்றி, நீரிலிருந்து நீக்குவதில்லை. பாஸ்பரஸும் பெரும்பாலும் அவ்வாறே வெளியேறுகிறது. பேரியில் இவ்விரண்டும் பாசிக்கு உரமாகின்றன. வெயிலில் வளரும் பாசி பிராணவாயுவை வெளியிடுகிறது. நுண்ணிய மிதவை உயிர்கள் மீனுக்கு இரையாகின்றன. மீன் நகருக்கு உணவாகத் திரும்புகிறது. வடிப்பானின் நீரை நேரே கால்வாயில் விட்டாலோ, அதே உரம் நீர்ப்பூண்டுகளை வளர்த்துக் கால்வாயை அடைக்கும்.

மூன்றாவது, நோய்க் கிருமிகளைப் பற்றியது. இருண்ட தொட்டியில் சில மணி நேரம் தங்குவதால் அவற்றின் எண்ணிக்கை ஓரளவே குறையும். ஆழமற்ற குளத்தில் வெயிலும், பாசி கரியமிலவாயுவை உறிஞ்சுவதால் நண்பகலில் மிகும் காரத்தன்மையும், பல நாள் காத்திருப்பும் சேர்ந்து கிருமிகளைப் பெரும்பாலும் அழிக்கின்றன.

இவ்விடத்தில் நுணுக்கமான ஒரு பிழை நேரக்கூடும். முதலில் வடிப்பானும் அடுத்துக் குளமும் அமைத்தால், குளத்திற்கு வரும் சுமை 7.5 கிலோகிராமிலிருந்து 2.75 கிலோகிராமாகக் குறையும். அழுக்கின் கணக்குப்படி 1,500 சதுர மீட்டருக்குப் பதில் 550 சதுர மீட்டர்க் குளமே போதும் எனத் தோன்றும். ஆனால், ஒரு மீட்டர் ஆழமுள்ள அக்குளத்தில் நீர் தங்குவது முன்பு 30 நாள். இப்போது 11 நாள். அழுக்கு குறைந்தது உண்மையே. கிருமிகள் அழிவதற்கு இருந்த காலமும் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் குறைந்துவிட்டது. பிராணவாயுத் தேவையைப் பற்றிய மாதிரி இதனைக் காட்டாது. அது கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை கூறும். கிருமிகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

ஆகவே, வடிப்பானைக் குளத்தின் பகையாகவோ அதன் மாற்றாகவோ கருதாமல், முன்னேவலாகக் கருதுவதே பொருத்தம். புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையின் வளாகத்தில், காற்றில்லாத் தொட்டிகளைக் கடந்த நீர், செடிகள் நட்ட சரளைப் படுகைக்கும் அதன்பின் குளத்திற்கும் செல்கிறது. தெளிந்த நீர் தோட்டத்திற்குப் பயன்படுகிறது. காற்றில்லாப் பகுதி சுமையைக் குறைக்க, காற்றும் வெயிலும் படும் பகுதி எஞ்சியதை முடிக்கிறது.

களத்தில் அளக்க வேண்டியவை

வடிப்பானைப் பார்வையிடும் பணியாளர் ஐந்து அளவுகளைத் தவறாது குறித்துவருதல் நன்று. நாள் முழுவதற்குமான நீரோட்டம் முதலாவது. காலை நேர ஓட்டத்தை மட்டும் அளந்து நாளுக்குப் பெருக்குதல் பிழை தரும். உள்வரும் நீர், வெளியேறும் நீர் ஆகிய இரண்டின் பிராணவாயுத் தேவை இரண்டாவது. சோதனை நீரைப் பல வேளைகளில் எடுத்துக் கலந்து சோதிக்க வேண்டும். நீரின் உஷ்ணநிலை மூன்றாவது. அமில காரத்தன்மை நான்காவது, அது 6.5க்குக் கீழ் இறங்கினால் மீத்தேன் உயிர்கள் துன்புறுகின்றன என அறியலாம். செப்டிக் தொட்டியில் கசட்டின் உயரம் ஐந்தாவது. இவற்றை ஓராண்டு முழுவதும், கோடை, மழை, குளிர் ஆகிய மூன்று பருவங்களிலும் குறித்தால் அந்நிலையத்திற்குரிய மாறிலிகள் தாமே கிடைக்கும். வேறொரு நாட்டின் குளிர்ந்த நீரில் கண்ட எண்ணைக் கடன் வாங்க வேண்டிய தேவை இராது.

பள்ளி ஆசிரியர்கள் இதே எண்களைக் கொண்டு கூட்டுவட்டி, விகிதம், வரைபடம் ஆகியவற்றைப் பயிற்றலாம். மழை நாளில் விடுதி நீர் ஏன் நாறுகிறது என்பதற்குக் கணக்கு விடை கூறும்போது மாணவரின் ஆர்வம் பெருகும் என்பதில் ஐயமில்லை.

ஒரு மாதிரியின் மதிப்பு, அது தரும் விடையில் மட்டுமன்றி, அதன் எல்லைகளை உணர்ந்திருப்பதிலும் உள்ளது. சால்ட் லேக்கின் தரையடியில் புதைந்த ஏரிகளை மீண்டும் தோண்டி எடுக்க முடியாது. அதன் கிழக்கே எஞ்சியிருக்கும் நீர்ப்பரப்பின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கூட்டங்களில், சதுர மீட்டர்க் கணக்கு ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுக்கலாகாது. அழுக்கின் கணக்கோடு அம்மோனியாவின் கணக்கையும், கிருமியின் கணக்கையும், மீனின் கணக்கையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே அறிவுடைமையாகும்.